புருவ முத்திரை

எனக்குக் கோபமாம். அப்படியொன்று இருந்தால் எங்கே இருக்கிறது? நெஞ்சிலா, அடிவயிற்றிலா, இல்லை இந்த வலது மணிக்கட்டிலா?

சில நாட்களாகவே அவள் தன்னைத் தானே இப்படித் துழாவிக்கொண்டிருந்தாள். கையில் அரம் ஓடிக்கொண்டிருக்கும். பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடுவதுபோல மனது அந்தக் கோபத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அகப்படவில்லை. தேடத் தேட, இல்லாத ஒன்று உண்மையிலேயே உள்ளே எங்கோ பதுங்கியிருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் வளர்ந்தது.

முதலில் சொன்னவன் தம்பி. விளையாட்டாகத்தான் சொன்னான். பட்டறையில் கடைந்த சிவப்புப் புல்லிச் சக்கரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, புருவம் ரெண்டும் இப்படிக் குழி விழுந்து கிடக்கு? யாரை நினைச்சு அடிச்ச?" என்றான்.

"யாரை நினைக்கிறதுக்கு இங்க யாருடா இருக்கா?"

"ஏன், நான் இல்லையா? என் மண்டைன்னு நினைச்சு ஒண்ணு போட்டிருப்ப."

"உன் மண்டையா இருந்தா குறி குத்துற பஞ்ச் வளைஞ்சிருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் அந்தப் புல்லியை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். புருவம்போல அவள் குத்திய குறி ஆழமாக இறங்கியிருந்தது.

வீட்டின் பின்பாதிதான் பட்டறை. சமையலறைக்கும் லேத்துக்கும் நடுவில் ஒரு சுவர். லேத் ஓடினால் அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அப்பா இருந்த காலத்தில் அங்கே எல்லா வேலையும் நடந்தது: கதவுக் கீல், தண்ணீர்ப் பம்பின் தண்டு, யாராவது ஒருவருடைய தையல் மிஷினில் உடைந்த சக்கரம். அவருக்குப் பிறகு தம்பி ஒரே சாமானைப் பிடித்துக்கொண்டான். கார் எஞ்சினின் முன்முனையில் பெல்ட்டைச் சுற்றவைக்கும் புல்லி. வண்டியோடு வருவது கனமான இரும்பு. வண்டியைப் பிள்ளைபோலக் கொஞ்சுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு லேசான அலுமினியத்தில் போட்டுக்கொள்வார்கள். எஞ்சின் சட்டென்று சீறுமாம்.

"கம்பெனிக்காரன் போட்டது மூக்குமுட்டத் தின்னுட்டு எந்திரிக்க முடியாத ஆள் சார்," என்று போனில் தம்பி பேசுவது சுவர் தாண்டிக் கேட்கும். "நம்மளது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்."

பேச்சு அப்படி என்றாலும் வேலையில் அவன் ஒழுங்கானவன். எஞ்சின் தண்டைக் கவ்வும் நடுக்குடம், பெல்ட் ஓடும் வெளிவளையம், இரண்டையும் சேர்க்கும் மெல்லிய தட்டு. எடையைக் குறைக்க அந்தத் தட்டில் வட்ட வட்டமாகத் துளைகள். எங்கே உலோகத்தை எடுக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று பல மாதம் வரைந்தும் கடைந்தும் உடைத்தும் பார்த்தவன் அவன். தட்டு குடத்தைத் தொடுகிற மூலையை மற்றவர்கள் கத்தி வெட்டியதுபோல விட்டுவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். தம்பி அந்த மூலையில் மெல்லிய வளைவு விடுவான். "கூரா இருந்தா விரிசலுக்கு நாமளே பாய் விரிச்ச மாதிரி" என்பான். அலுமினியமும் மலிவான வார்ப்பு அல்ல. ஆலையிலேயே சூடாக்கி, குளிரவைத்து, கடினப்படுத்தி வரும் உருண்டைத் தண்டுகள். விலை அதிகம். ஆனாலும் அதில் மட்டும் அவன் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

சன்னலோர மேசை அவளுடையது. கடைந்து வந்த புல்லியின் விளிம்புகளில் பிசிரை அரத்தால் எடுப்பாள். நடுத்துளையில் அளவுகோல் உருளையை விட்டுப் பார்ப்பாள். சுண்டுவிரல் நகத்தை அந்த வளைவில் ஓட்டுவாள். எங்கேனும் தட்டினால் திரும்ப லேத்துக்குப் போகும். ஓர் ஊசித் தண்டில் மாட்டிச் சுற்றவிட்டு, தள்ளாடுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். எல்லாம் சரி என்றால் நடுக்குடத்தின் முகத்தில் முத்திரை குத்தும் பஞ்ச் உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரு அடி. ஒன்றே ஒன்று. இரண்டாவது அடி போட்டால் குறி இரட்டையாகிவிடும்.

அந்தக் குறி இரண்டு சாய்ந்த கோடுகள். நடுவில் நெருங்கி நிற்கும். புல்லி செய்யத் தொடங்கிய புதிதில், ஒவ்வொன்றையும் சோதிக்கும்போது அவள் புருவத்தைச் சுளிப்பதைப் பார்த்துத் தம்பி ஒரு பழைய பஞ்ச் உளியின் முனையைத் தேய்த்து இதைச் செய்தான். "அக்கா முறைச்சுப் பார்த்தாச்சுங்கிறதுக்கு அடையாளம்" என்று கையில் கொடுத்தான். கேலியாகத் தொடங்கியது அப்படியே நின்றுவிட்டது. மொத்தமாக வாங்கும் கடைக்காரர் அதைப் புருவ மார்க் என்றுதான் சொல்வார். புருவம் இல்லாத புல்லியை அவர் தொடமாட்டார்.

அவளுக்கு அதில் யாரிடமும் சொல்லாத ஒரு நினைப்பு உண்டு. கார் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே யார் யாரோ பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். முன்மூடிக்குக் கீழே சூட்டிலும் இருட்டிலும் அவளுடைய புருவங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவள் போகாத தெருக்களுக்கெல்லாம் அவை போய்வந்திருக்கும். மாட்டிய பிறகு போல்ட்டின் வளையம் அதை மூடிவிடும்; ஒருவர் கண்ணிலும் படாது. அதனால் என்ன? அவளை மட்டும் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

சிவப்பு வந்தது கடைக்காரரால். வெள்ளி நிறம் சலித்துவிட்டது, வண்டிக்காரர்கள் கலர் கேட்கிறார்கள் என்றார். தம்பி, மூடிப்போன ஒரு ரொட்டிக் கடையிலிருந்து பெரிய அடுப்பு ஒன்றை வாங்கிவந்தான். பவுடர் பெயிண்டைத் தூவி அதற்குள் வைத்தால் உருகிப் பிடித்துக்கொள்ளும். தூசியும் ஈரமும் இல்லாத இடம் வேண்டும். அப்படி ஒரே இடம்தான் இருந்தது: பின்னறை. அவள் அறை.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீ மேல இருந்துக்கிறியா?" என்றான்.

"சரி" என்றாள்.

மாடியில் தகரக் கூரை போட்ட சாமான் அறை. கட்டிலும் பெட்டியும் மேலே ஏறின. பின்னறையின் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கொடி படர்ந்திருந்தது. காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பாள். இப்போது அந்தச் சன்னலை அடைத்து அடுப்பு நின்றது. முதல் நாள் சூடேற்றியபோது அதன் உள்சுவர்களில் எங்கோ ஒட்டியிருந்த பழைய மாவு கருகி, வீடு முழுக்க ரொட்டி வாசனை. எல்லோருக்கும் பசித்தது. தம்பி மனைவி ஓடிப்போய் ரொட்டி வாங்கிவந்தாள். மூவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து டீயில் தோய்த்துத் தின்றார்கள். மூவருமாகச் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் ஈடு டப்பாவில் இருந்ததுபோலவே பளீர் சிவப்பாக வந்தது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கே" என்றார். இரண்டாவது ஈட்டில் தம்பி அடுப்பின் சூட்டுக் குமிழைக் கூடுதலாகத் திருகிவிட்டான். எண்கள் அழிந்த குமிழ். அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் காலைவரை உள்ளேயே விட்டுவிட்டான். விடிந்து பார்த்தால் நிறம் கறுத்து, பழுத்த பழத்தின் தோல்போல அடர்ந்திருந்தது. கெட்டுவிட்டது என்று தலையில் கைவைத்துக்கொண்டவன், சும்மா ஒன்றைக் கடைக்காரரிடம் காட்டினான். "அட, இதுதாய்யா கலர்! இதை விட்டுட்டு எதையெதையோ காட்டுறியே" என்றார் அவர். அன்றிலிருந்து குமிழ் அந்த இடத்திலேயே நின்றது. தம்பி சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போட்டுவைத்தான். நிறம் ஏறிய பிறகு குத்தினால் சிவப்பின் நடுவே புருவங்கள் வெள்ளியாய் மின்னும் என்பதால், அவளுடைய அடி கடைசி வேலையானது.

குறி ஆழமாக விழத் தொடங்கியது அதற்குப் பிறகு. அவள் மேலே போனதும் அதே சமயத்தில்தான். வீட்டில் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி மனைவி பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, மனசுல ஏதாவது இருந்தா வாய்விட்டுச் சொல்லிருங்க. திட்டணும்னா நாலு வார்த்தை திட்டிருங்க. இப்படிச் சுத்தியல்ல காட்டாதீங்க. எனக்குக் கேக்கும்போதெல்லாம் திக்குனு இருக்கு."

"நான் எப்பவும் அடிக்கிற மாதிரிதாம்மா அடிக்கிறேன்."

"உங்களுக்கே தெரியாம கை வேகமாப் போகும் அண்ணி. எங்கம்மாவும் அப்படித்தான். ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லம்பாங்க, பாத்திரம் மட்டும் பறக்கும்."

அவள் அடுத்த காயை எடுத்து நறுக்கினாள். இத்தனை காலமாக அவளுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறார்கள், ஆனால் ஆள் இல்லாத அறையின் சன்னல் வழியாக. அன்று இரவு தகரத்தின் வெக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது, அப்படியாவது பார்க்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்மேல் இரக்கம் வந்தது. உடனே போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து தண்ணீர் குடித்தாள்.

பொறுமை வந்தது மழை வருவதுபோல் இருந்து வராமல் போன ஒரு மத்தியானத்தில். பொறுமை என்பது ஒரு மெக்கானிக். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தினால் "பொறுமை, பொறுமை" என்றே சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவர் முகத்தில் அது இல்லை. கையில் கிரீஸ் துணியில் சுற்றிய பொட்டலம். நேராக அவள் மேசைக்கு வந்து அவிழ்த்து வைத்தார். இரண்டு புல்லிகள். ஒன்று வெள்ளி, நாள்பட்டது. இன்னொன்று அடர் சிவப்பு, புதுசு. சிவப்பின் நடுத்துளை கோணிப்போயிருந்தது.

"என்ன ஆச்சு?"

"நம்ம கஸ்டமர் ஒருத்தர். வாத்தியார். சின்ன கார், அதுமேல அவ்வளவு ஆசை. போன மாசம்தான் இதை மாட்டிக் கொடுத்தேன். நேத்து இறக்கத்துல திரும்பும்போது பெல்ட் கழண்டு தெறிச்சிருக்கு. பவர் ஸ்டியரிங்கை ஓட்டுறதும் அந்த பெல்ட்தான்; ஸ்டியரிங் கல்லாப் போச்சு. மனுஷன் திருப்பத் திருப்ப அது திரும்பல. சுவத்துல போய்..." கையால் காட்டினார். "தோள்பட்டை எலும்பு. வேற ஒண்ணும் இல்ல. பக்கத்துல அவர் பொண்ணு உக்காந்திருந்திருக்கா. அதுக்கு ஒண்ணும் இல்ல."

லேத் சத்தம் நின்றது. தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன பொறுமை, காலங்கெட்ட நேரத்துல?"

"பாருங்க முதலாளி. போல்ட்டோட வளையம் உட்கார்ந்த இடம் பள்ளமாப் போயிருக்கு. பள்ளமானதும் போல்ட் பிடி விட்டுருச்சு. பிடி விட்டதும் மொத்த இழுப்பும் தண்டோட பூட்டிக்கிற இந்தச் சின்னக் காடி மேல. இடிச்சு இடிச்சு வாயைப் பிளந்துடுச்சு."

தம்பி புல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அளவுக்கு மேல முறுக்கிட்டீங்க."

"நானா?"

"வேற யாரு? இரும்புன்னு நினைச்சு முறுக்கினா அலுமினியம் தாங்குமா?"

"முதலாளி, முறுக்குறதுக்கு அளவு காட்டுற ஸ்பேனர் வச்சிருக்கேன். இந்த வெள்ளியும் என் கை மாட்டினதுதான். இது ஓடாத ஓட்டமா? பாருங்க, வளையம் உட்கார்ந்த தடம்கூட இல்ல. அதே ஸ்பேனர், அதே கை." அவர் அவள் பக்கம் திரும்பினார். சிரிக்க முயன்றார். "புருவத்தைத்தான் பாருங்களேன். வெள்ளியில லேசா முறைக்கிறீங்க. சிவப்புல கொலைவெறி. அக்காவுக்கு என்னாச்சுன்னு கடையில கேட்டுட்டே வர்றேன்."

தம்பியும் பழக்கத்தில் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. *அதே ஸ்பேனர், அதே கை.* அந்த வார்த்தைகள் காதுக்குள் போய் எங்கோ ஒரு கதவைத் தட்டின.

"வாத்தியார் வீட்டுல என்னைத்தான் கேக்குறாங்க," என்றார் பொறுமை. "நான் ஒழுங்கா மாட்டலையாம். இது பரவிட்டா என்கிட்ட எவன் வண்டி விடுவான்? பார்த்துட்டுச் சொல்லுங்க. நாளைக்கு வர்றேன்." சிவப்பை மட்டும் மேசையில் விட்டுவிட்டு, வெள்ளியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

தம்பி முணுமுணுத்துக்கொண்டே லேத்துக்குத் திரும்பினான். அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். பிறகு எழுந்து, இன்னும் நிறமேற்றாத வெள்ளிப் புல்லி ஒன்றை எடுத்தாள். தட்டுகளில் அடுக்கியிருந்த சிவப்பில் ஒன்றை எடுத்தாள். சிவப்பின் முகத்தில் ஒரு ஓரமாகப் பெயிண்டைச் சுரண்டி அலுமினியத்தை வெளியே கொண்டுவந்தாள்; பெயிண்டின் கனத்தால்தான் ஆழமாகத் தெரிகிறது என்று யாரும் சொல்லக்கூடாது. பஞ்ச் உளியை நிறுத்தினாள். யாரையும் நினைக்காமல் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். யாரை நினைத்திருந்தாள் இதுவரை? வெள்ளியில் ஒரு அடி. சிவப்பில் ஒரு அடி. மறுபடி வெள்ளி. மறுபடி சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று.

வெள்ளியில் லேசான முறைப்பு. சிவப்பில் குழி.

அரத்தை எடுத்து இரண்டின் ஓரத்திலும் இழுத்தாள். வெள்ளியில் அது சறுக்கிச் சீறியது. சிவப்பில் சோப்புக் கட்டியில் இழுத்ததுபோல அப்பிக்கொண்டது; அரத்தின் பற்களில் உலோகம் மசியாய் அடைத்து நின்றது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். உடம்பிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல இருந்தது. அவளிடம் கோபம் இல்லை. அவள் கை மாறவில்லை. மாறியது உலோகம். ஆலையில் சூட்டால் ஏற்றிய பலத்தை, ரொட்டி அடுப்பு சூட்டாலேயே இறக்கிவிட்டிருக்கிறது. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான் நின்றது. அடுத்த மூச்சில், வாத்தியாரின் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கத்தில் போன அந்தப் பெண்பிள்ளை கண்முன் வந்து நின்றாள். முகம் தெரியாத பெண். அந்த வண்டிக்குள்ளும் சுற்றியது இவளுடைய புருவங்கள்தான்.

"டேய், இங்க வா."

தம்பி வந்தான். அவள் எதுவும் விளக்கவில்லை. இரண்டையும் அவன்முன் தள்ளி, அரத்தைக் கையில் கொடுத்தாள். அவன் இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்தான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் புதிதாக இல்லை. அந்தத் தண்டு எப்படிக் கடினமாகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன். நிறத்தைப் பார்த்த கண் அதை மறந்துவிட்டது, அவ்வளவுதான். பின்னறைக்குப் போனான். சாக்பீஸ் கோட்டின் முன்னால் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து அரத்தில் அப்பியிருந்த அலுமினியத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தான். 

அன்று சாப்பிடும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. மத்தியானம் கடைக்காரரின் வண்டி வரும். நிறமேறிய புல்லிகள் தட்டுத் தட்டாக அவள் மேசையைச் சுற்றி அடுக்கியிருந்தன. கடைசி அடி ஒன்றுதான் பாக்கி. அவள் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாகக் கடைந்த வெள்ளிகளில் பிசிர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி மனைவி டீ கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணி, நேத்து ராத்திரி பேசிக்கிட்டிருந்தோம். அந்த அடுப்பை முன்பக்கம் தள்ளிரலாம்னு. நீங்க பழையபடி கீழயே வந்துருங்க. மேல தகரம், வெக்கை. நானும் யோசிக்காமதான் விட்டுட்டேன்."

"ம்."

"சன்னலைத் திறந்தா காத்தும் வரும்." சற்று நிறுத்தி, "இந்த ஈடு மட்டும் போயிரட்டும் அண்ணி. அடுத்ததுல இருந்து சூட்டைக் குறைச்சிருவாரு. சொல்லிட்டாரு."

அவள் டீயை எடுத்துக் குடித்தாள். அந்தக் கொடி இந்நேரம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தோன்றியது. சன்னல் விளிம்பைத் தாண்டியிருக்கலாம். அந்த அறையை அவள் கேட்கவில்லை; கேட்காமலே வருகிறது. அது எதற்காக வருகிறது என்பதும் தெரிகிறது. இந்தப் பெண்ணை வெறுக்க முடிந்தால் சுலபமாக இருக்கும். முடியவில்லை. அந்தக் கண்ணில் கள்ளம் இல்லை, பயம்தான் இருந்தது.

"டீ நல்லாருக்கும்மா" என்றாள்.

தம்பி மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் தம்பி வந்தான். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான். சின்ன வயதில் கணக்குப் பாடத்துக்கு உட்கார்வதுபோல, முழங்கை இரண்டும் மேசையில்.

"வண்டி வந்துரும்."

"வரட்டும்."

"அக்கா, எனக்குப் புரியாம இல்ல. நான் பண்ணது தப்புதான். அடுத்த ஈட்டுல இருந்து சரி பண்ணிடுறேன். ஆனா இதை இப்போ நிறுத்தினா அந்தாளு வேற பட்டறைக்குப் போயிருவாரு. நம்மகிட்ட வாங்குறது அவர் ஒருத்தர்தான். அவரும் போயிட்டா லேத்தை என்ன பண்றது? கட்டிக்கிட்டுப் படுத்துக்கிறதா?"

"கலர் மாறிப்போச்சுன்னு சொல்லு. பளீர் சிவப்புதான் வரும்னு சொல்லு."

"சொல்றேன். அடுத்த தடவை சொல்றேன். இந்தத் தடவை மட்டும்." குரலைத் தாழ்த்தினான். "எல்லாமா பிச்சுக்கிட்டு வரப்போகுது? ஏதோ ஒண்ணு. அதுவும் வேகமா ஓட்டுறவன் வண்டியில."

"வாத்தியாரு வேகமா ஓட்டினாரா?"

அவன் மேசையில் கிடந்த பிசிரை விரலால் ஒதுக்கினான்.

"ஏற்கெனவே போனதையும் திருப்பி வாங்கணும்டா. அதுலயும் என் புருவம்தான் இருக்கு. பொறுமை வந்தா, அவர் கை மேல தப்பு இல்லைன்னு சொல்லணும்."

"எல்லாத்தையும் சொல்லிட்டுக் கடையை மூடிட்டு நாம ரொட்டி சுட்டு விக்கலாம். அடுப்பாவது இருக்கு." கசப்பாகத்தான் சொன்னான். ஆனாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உதட்டோரம் அசைந்தது. அது அடங்கும்வரை இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பிறகு அவன் சுத்தியலை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தான். பஞ்ச் உளியைப் பக்கத்தில் வைத்தான். தட்டிலிருந்து சிவப்பு ஒன்றை எடுத்து நடுவில் வைத்தான்.

"பொறுமை ஊரெல்லாம் புருவத்தைப் பத்திப் பேசிக்கிட்டுத் திரியுறாரு. ஆழமா இருந்தா கடைக்காரருக்கும் கண்ணு போகும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கொஞ்சம் மெதுவா அடி அக்கா. பழைய ஆழத்துக்கு. நான் ராத்திரி ரெண்டு மூணு அடிச்சுப் பார்த்தேன். எனக்கு வரல. ஒண்ணு தொடவே மாட்டேங்குது, ஒண்ணு புதைஞ்சு போகுது. உன் கைக்குத்தான் அந்த அளவு தெரியும்."

ஆக, இதற்காகத்தான் அறை.

அவள் சுத்தியலைக் கையில் எடுத்தாள். கைப்பிடியில் அவளுடைய விரல்களின் பள்ளங்கள் இருந்தன. எவ்வளவு மெதுவாக அடித்தால் இந்த மெத்தென்ற உலோகத்தில் பழைய முறைப்பு வரும் என்று மணிக்கட்டுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாதிக்குச் சற்று மேல். உயரத்தைக் குறைத்து, விழும்போது லேசாகப் பிடித்து. முதல் அடியிலேயே வந்துவிடும். எவருக்கும் வித்தியாசம் தெரியாது. எதிரில் இருந்தவனின் உச்சந்தலையில் முடி மெலிந்து தோல் தெரிந்தது. இவனுக்குத் தலைவாரிவிட்ட கை இது. இவன் எது கேட்டும் "சரி" என்ற வாய் இது. இன்றைக்கும் அந்தச் சொல் நாக்கின் நுனியில் வந்து பழகிய இடத்தில் உட்கார்ந்தது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் ஒருமுறை. தம்பி மனைவி வாசலுக்குப் போகும் காலடி.

"அக்கா."

அவள் சுத்தியலை மேசையில் வைத்தாள், சத்தம் வராமல். நடுவில் இருந்த சிவப்பை எடுத்துத் திரும்பத் தட்டிலேயே அடுக்கினாள். முத்திரை இல்லாத அதன் முகம் வழவழவென்று, நெற்றி மட்டும் இருக்கும் ஒரு முகம்போல இருந்தது.

"கோபமாக்கா?"

அவள் உள்ளே பார்த்தாள். இந்தமுறை நன்றாக, அவசரப்படாமல், மூலைமூலையாகப் பார்த்தாள்.

"இல்லடா."

"அப்புறம் என்ன? மெதுவா அடிக்க வராதா உனக்கு?"

"வரும்," என்றாள். பஞ்ச் உளியை அவன் பக்கமாக நகர்த்திவிட்டு, பிசிர் எடுக்க வேண்டிய வெள்ளிப் புல்லியை அருகில் இழுத்துக்கொண்டாள். "அடிக்க மாட்டேன்."